சுரங்கப் பாதையும் பைல் அஸ்திவாரமும்

பெருநகரங்களில் நிலத்தின் மேற்பரப்பில் புதிய சாலைகளுக்கும் இருப்புப் பாதைகளுக்கும் இடம் அரிதாகிவிட்டது. ஆதலின் போக்குவரத்து நிலத்தினுள் இறங்கி வருகிறது. இந்தியாவில் முதன்முதலாகக் கொல்கத்தாவில் 1984ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் நிலத்தடி ரயில் ஓடத் தொடங்கிற்று. அதன் பின்னர் டில்லி, பெங்களூர், சென்னை, மும்பை முதலிய நகரங்களிலும் இத்தகைய பாதைகள் குடையப்பட்டுள்ளன. இதே நகரங்களில்தான் பல மாடிக் கட்டடங்களும், மேம்பாலங்களும் பெருகி வருகின்றன. அவற்றுள் பல, தரையினுள் ஆழமாக இறக்கப்பட்ட பைல்களின் மீது நிற்கின்றன. நிலத்தின் கீழ் நெடுக்காக ஊன்றி நிற்கும் பைலும், குறுக்காகச் செல்லும் சுரங்கமும் ஒன்றையொன்று நெருங்குமிடத்தில் என்ன நிகழ்கிறது என்பது இன்றைய பொறியியலின் முக்கியமான கேள்விகளுள் ஒன்று.

பைல் அஸ்திவாரத்தின் மேல் அமைந்த கட்டடத்துக்கு எதனாலும் அபாயம் இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் ஓரளவே உண்மையாகும். பலவீனமான மேல் மண்ணைத் தாண்டி, கட்டடத்தின் பாரத்தை ஆழத்திலுள்ள உறுதியான மண்ணிடம் சேர்ப்பதே பைலின் தொழில். ஆனால், சுரங்கமும் அதே ஆழத்தில்தான் செல்கிறது. கட்டடத்தை மேல் மண்ணின் பலவீனத்திலிருந்து காக்கும் பைலே, அதன் பாரத்தைச் சுரங்கத்தின் அருகே கொண்டுபோய் நிறுத்திவிடவும் கூடும். எனவே, பைல் உண்டா இல்லையா என்று கேட்பது மட்டும் போதாது. அதன் கீழ்முனை எங்கே நிற்கிறது என்பதையே முதலில் அறிதல் வேண்டும்.

பைல் பாரத்தைத் தாங்கும் விதம்

பைல் என்பது மரத்தாலோ, எஃகினாலோ, காங்கிரீட்டினாலோ ஆன நீண்ட தூண். சில பைல்கள் மேலிருந்து அறைந்து இறக்கப்படுகின்றன. வேறு சில, நிலத்தில் துளையிட்டு அத்துளையில் காங்கிரீட்டை வார்த்து அமைக்கப்படுகின்றன. எவ்விதமாக அமைந்தாலும், பைல் இரு வழிகளில் பாரத்தை மண்ணுக்கு மாற்றுகிறது. ஒன்று, அதன் பக்கங்களில் ஒட்டியுள்ள மண்ணின் உராய்வு. மற்றொன்று, அதன் அடிமுனையின் கீழுள்ள மண்ணின் எதிர்ப்பு.

இவ்விரண்டின் பங்கு இடத்துக்கு இடம் வேறுபடும். ஆழமான களிமண்ணில் நிற்கும் பைல் பெரும்பாலும் உராய்வினாலேயே தாங்குகிறது. மென்மையான மண்ணைக் கடந்து கெட்டியான மணலின் மீதோ பாறையின் மீதோ ஊன்றிய பைல் பெரும்பாலும் முனையினால் தாங்குகிறது. இவ்வேறுபாட்டின் விளைவை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். இரண்டு பைல்கள் ஒவ்வொன்றும் 100 டன் பாரத்தைச் சுமப்பதாகவும், ஒவ்வொன்றின் முழுத் தாங்குதிறன் 250 டன் என்றும் கொள்வோம். முதற் பைலில் உராய்வு 150 டன்னும் முனை 100 டன்னும் தாங்கவல்லவை. இரண்டாவதில் உராய்வு 50 டன், முனை 200 டன். சுரங்கம் குடைவதால் முனையின் கீழுள்ள மண் தளர்ந்து, முனையின் எதிர்ப்பு முற்றிலும் அற்றுவிட்டது என்று வைத்துக்கொண்டால், முதற் பைலுக்கு உராய்வே போதுமானது. அது சிறிதளவு இறங்கி நின்றுவிடும். இரண்டாவது பைலோ 50 டன் பாரத்துக்கு ஆதாரமின்றித் தவிக்கும். எங்கேனும் புதிய ஆதாரம் கிடைக்கும் வரை, அல்லது பக்கத்துப் பைல்கள் அப்பாரத்தை ஏற்கும் வரை, அது இறங்கிக்கொண்டே இருக்கும். காகிதத்தில் இரண்டு பைல்களின் திறனும் ஒன்றே. சுரங்கத்தின் முன்னிலையில் அவை ஒன்றல்ல.

மண் அசைவதன் காரணம்

நிலத்தினுள் உள்ள ஒவ்வொரு துண்டு மண்ணும், மேலுள்ள மண்ணின் பாரத்தாலும் சுற்றியுள்ள மண்ணின் நெருக்கத்தாலும் இறுக்கப்பட்டிருக்கிறது. அதன் நடுவே ஒரு துளை குடையப்பட்டால், சுற்றுப்புற மண் அத்துளையை நோக்கி நெருங்க முற்படுகிறது. இதைத் தடுப்பதற்கே கேடயம் போன்ற தடுப்பைக் கொண்ட ஷீல்டு முறை தோன்றிற்று. மார்க் இசம்பார்ட் புரூனல் என்ற எஞ்சினீயர் லண்டனில் தேம்ஸ் நதியின் கீழ் 1825ஆம் ஆண்டில் தொடங்கி 1843ஆம் ஆண்டில் திறந்த சுரங்கமே இம்முறையில் அமைந்த முதற் சுரங்கமாகும். இன்றைய சுரங்கம் குடையும் இயந்திரங்கள் அக்கேடயத்தின் வளர்ச்சியே.

இவ்வியந்திரங்கள் எவ்வளவு திறமையாக இயங்கினாலும், வெட்டி எடுக்க வேண்டிய அளவைவிடச் சிறிது மிகுதியான மண் உள்ளே வந்துவிடுகிறது. இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, இயந்திரத்தின் முகப்பில் மண்ணைத் தாங்கும் அழுத்தம் குறைந்தால் முன்னுள்ள மண் உள்நோக்கி வரும். இரண்டாவது, வெட்டும் சக்கரம் உருளையைவிடச் சிறிது பெரிதாதலால், உருளையைச் சுற்றி ஓர் இடைவெளி ஏற்படும். மூன்றாவது, இயந்திரம் நகர்ந்தபின், அதன் வால்பகுதிக்கும் காங்கிரீட் வளையங்களுக்கும் இடையில் ஏறத்தாழ 10 முதல் 15 செ. மீ. அகலமுள்ள வெற்றிடம் உண்டாகும். இதில் உடனுக்குடன் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தாவிடில் மண் அதை நிரப்பிவிடும். இவ்வாறு மிகையாக இழக்கப்படும் மண்ணின் அளவை, சுரங்கத்தின் கன அளவில் நூற்றுக்கு இத்தனை பங்கு என்று குறிப்பது வழக்கம். நன்கு இயக்கப்படும் இயந்திரத்தில் இது 1 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்கலாம்.

மேலே சிறிது, ஆழத்தில் மிகுதி

இவ்விழப்பினால் நிலத்தின் மேற்பரப்பு அகன்ற, ஆழமற்ற பள்ளமாகத் தாழ்கிறது. இப்பள்ளத்தின் வடிவம் புள்ளியியலில் வழங்கும் இயல்நிலை வளைவை ஒத்திருப்பதை அமெரிக்கப் பேராசிரியர் ரால்ஃப் பெக் 1969ஆம் ஆண்டு மெக்ஸிகோ நகரில் நடைபெற்ற மண் பொறியியல் மாநாட்டில் எடுத்துக்காட்டினார். அன்று முதல் எஞ்சினீயர்கள் அவ்வளைவைக் கணக்கிடப் பயன்படுத்தி வருகின்றனர்.

களிமண்ணில் 6 மீட்டர் விட்டமுள்ள ஒரு சுரங்கம், தன் மையம் தரைக்கு 20 மீட்டர் கீழே அமையுமாறு செல்வதாகக் கொள்வோம். அதன் குறுக்குப் பரப்பு சுமார் 28.3 சதுர மீட்டர். மண் இழப்பு 1 விழுக்காடு எனில், சுரங்கத்தின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 283 லிட்டர் மண் மிகையாக உள்ளே வருகிறது. மேற்கூறிய வளைவின்படி, சுரங்கத்துக்கு நேர் மேலே தரை சுமார் 11 மி. மீ. தாழும். பக்கவாட்டில் 10 மீட்டர் தள்ளி அது 7 மி. மீ. ஆகக் குறையும். 30 மீட்டருக்கு அப்பால் தாழ்வு ஏறக்குறைய இல்லை எனலாம். பதினொரு மில்லிமீட்டர் என்பது கைவிரலின் பருமனைவிடக் குறைவு. தரையை மட்டும் அளந்து பார்ப்பவருக்கு இது அச்சம் தருவதன்று.

ஆயினும் தரையின் கீழே நிலைமை வேறு. மேலே அகன்று காணும் பள்ளம், சுரங்கத்தை நெருங்க நெருங்கக் குறுகுகிறது. இழந்த மண்ணின் அளவு ஒன்றேயாதலால், அகலம் குறையும்போது ஆழம் மிகுந்தாக வேண்டும். களிமண்ணில் எடுக்கப்பட்ட அளவீடுகளின் அடிப்படையில் அமைந்த கணக்குமுறைப்படி, இதே எடுத்துக்காட்டில் 10 மீட்டர் ஆழத்திலுள்ள மண் சுமார் 17 மி. மீ. இறங்கும், 15 மீட்டர் ஆழத்திலுள்ள மண் சுமார் 22 மி. மீ. இறங்கும். அதாவது, மேற்பரப்பின் தாழ்வைப் போல் இரு மடங்கு. ஆழமற்ற அஸ்திவாரம் கொண்ட வீடு 11 மி. மீ. இறங்கும் மண்ணின்மேல் நிற்கிறது. அதே இடத்தில் 15 மீட்டர் பைலின் முனையோ 22 மி. மீ. இறங்கும் மண்ணின்மேல் நிற்கிறது. பைலின் மேற்பகுதியை மெதுவாக இறங்கும் மண் உராய்வினால் பிடித்துக்கொள்வதால், பைல் முழு 22 மி. மீ. இறங்காமல் இடைப்பட்ட ஓர் அளவில் நிற்கக்கூடும். எனினும், ஆழமே பாதுகாப்பு என்ற எண்ணம் எவ்வாறு பிழைபடக்கூடும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

முனை நிற்கும் இடம்

கணக்கினால் அறிந்ததை அளவீட்டினால் உறுதி செய்வது விஞ்ஞான முறை. நெதர்லாந்தில் ஊடே மாஸ் நதியின் கீழ் இரண்டாவது ஹைனநோர்ட் சுரங்கம் 1990களின் பிற்பகுதியில் குடையப்பட்டபோது, அதன் பாதையின் மேலும் அருகிலும் பரிசோதனைக்கென்றே மர பைல்களும் காங்கிரீட் பைல்களும் இறக்கப்பட்டு, அவற்றின்மேல் பாரம் ஏற்றப்பட்டது. இங்கிலாந்தில் கால்வாய்ச் சுரங்க ரயில் பாதைக்காக லண்டனுக்குக் கிழக்கே டேகனம் என்ற இடத்தில் சுமார் 8 மீட்டர் விட்டமுள்ள இரட்டைச் சுரங்கங்கள் சென்றபோதும், பாரம் ஏற்றிய முழு அளவு பைல்களில் கருவிகள் பொருத்தப்பட்டு, அவற்றின் அசைவு அளக்கப்பட்டது.

இப்பரிசோதனைகள் ஓர் எளிய முடிவைத் தந்தன. சுரங்கத்தைச் சுற்றியுள்ள நிலத்தை மூன்று மண்டலங்களாகப் பிரிக்கலாம். முதல் மண்டலம் சுரங்கத்துக்கு நேர் மேலே அமைந்தது. இதில் முனை நிற்கும் பைல், தரையைவிட மிகுதியாக இறங்குகிறது. இரண்டாவது மண்டலம் அதன் இருமருங்கிலும், ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் மேல்நோக்கி வரையப்படும் கோடு வரை பரவியது. இதில் முனை நிற்கும் பைல், தரை இறங்கும் அளவுக்கே இறங்குகிறது. இவ்விரண்டுக்கும் வெளியே, மூன்றாவது மண்டலத்தில் முனை நிற்கும் பைல், தரையைவிடக் குறைவாகவே இறங்குகிறது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மணலில் அமைத்த சிறு மாதிரிகளைக் கொண்டும் இதே பொருள் ஆராயப்பட்டது. மண்ணின் வலிமை அதன்மேல் உள்ள பாரத்தைப் பொறுத்தது. ஆதலின், நூற்றில் ஒரு பங்காகச் சிறுத்த மாதிரியில் உண்மை நிலையைக் காண வேண்டுமானால், மாதிரியின் எடை நூறு மடங்காக வேண்டும். இதற்காக மாதிரியை மையவிலக்கு இயந்திரத்தில் வைத்து வேகமாகச் சுழற்றுகின்றனர். இவ்வாராய்ச்சியில், சுரங்கத்தின் மேலே முனை அமைந்த பைல்கள், மண் இழப்பு ஓர் எல்லைக்குள் இருக்கும் வரை சிறிதளவே இறங்கின; அவ்வெல்லை தாண்டியதும் மிகுதியாக இறங்கின. தொடக்கத்தில் அமைதியாக நிற்பது கொண்டு, முடிவு வரை அவ்வாறே நிற்கும் என்று கருதலாகாது என்பது இதனால் விளங்கும்.

சுரங்கம் பக்கமாகச் செல்லும்போது

பைலின் முனை சுரங்கத்தைவிட ஆழத்தில் இருந்து, சுரங்கம் பைலுக்குப் பக்கமாகச் செல்வதும் உண்டு. சிங்கப்பூரில் வடகிழக்கு ரயில் பாதைக்கான இரட்டைச் சுரங்கங்கள் ஒரு மேம்பாலத்தின் பைல்களை ஒட்டிச் சென்றபோது, முன்னரே பைல்களில் பதிக்கப்பட்ட கருவிகளால் இந்நிலை நேரில் ஆராயப்பட்டது. அப்பாதை 2003ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

இத்தகைய பைலின் முனை அசையாத மண்ணில் ஊன்றியிருப்பதால், அது அதிகம் இறங்குவதில்லை. ஆனால், சுற்றியுள்ள மேல் மண் இறங்குகிறது. அது பைலைத் தாங்குவதற்கு மாறாக, அதைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுக்கிறது. இதனால், கட்டடத்தின் பாரத்தோடு மண்ணின் பாரமும் பைலின்மேல் சேர்கிறது. இவ்வாறு மிகுந்த பாரம் பெரும்பாலும் சுரங்கம் செல்லும் ஆழத்தின் அருகே உச்சநிலையை அடைகிறது. அன்றியும், மண் சுரங்கத்தை நோக்கிப் பக்கவாட்டிலும் நகர்வதால் பைல் வளைகிறது. பழைய பைல்களில் எஃகுக் கம்பிகள் மேற்பகுதியில் மட்டும் இருக்கக்கூடும். அத்தகைய பைலின் அடிப்பகுதி வளைவைத் தாங்கும் ஆற்றல் குறைந்தது. கட்டடம் இறங்காமல் நிற்பது, பைலுக்குச் சேதமில்லை என்பதற்குச் சான்றாகாது.

மற்றொரு விளைவும் உண்டு. பைல்மேல் நிற்கும் கட்டடம் நிற்க, சுற்றியுள்ள தரை மட்டும் இறங்கினால், வாயிற்படிகள், தாழ்வாரங்கள், சுற்றுச்சுவர்கள் முதலியன கட்டடத்திலிருந்து பிரியும். கட்டடத்தினின்று வெளியேறும் கழிவுநீர்க் குழாயும், உட்செல்லும் குடிநீர்க் குழாயும் சுவரின் ஓரத்தில் முறியும். முறிந்த குழாயிலிருந்து கசியும் நீர் மண்ணை மேலும் இளக்கும்.

ஆம்ஸ்டர்டாமின் அனுபவம்

பைல்களின்மேல் எழுந்த நகரம் என்று நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமைக் கூறலாம். அங்கு மேல் மண், மென்களியும் மக்கிய தாவரப் பொருள்கள் நிறைந்த சேறுமாகும். சுமார் 12 மீட்டர் ஆழத்திலேயே முதல் மணல் அடுக்கு எதிர்ப்படுகிறது. பழைய கட்டடங்கள் அம்மணலை எட்டும் மர பைல்களின்மேல் நிற்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட அரண்மனை ஒன்றின் கீழ் மட்டும் 13,659 மர பைல்கள் உள்ளன. மரம் நிலத்தடி நீரில் அமிழ்ந்திருக்கும் வரை உளுத்துப் போவதில்லை. நீர்மட்டம் தாழ்ந்து பைலின் தலை காற்றுப் படுமாயின் அழுகத் தொடங்கும்.

இந்நகரத்தின் நடுவே வடக்கு-தெற்கு நிலத்தடி ரயில் பாதையின் வேலை 2003ஆம் ஆண்டில் தொடங்கிற்று. சுரங்கங்களை வீடுகளின் நேர் கீழே செலுத்தாமல், கூடியவரை வீதிகளின் போக்கிலேயே செலுத்துவதெனத் தீர்மானிக்கப்பட்டது. ஆயினும், சுரங்கம் குடையும் இயந்திரம் வருவதற்கு முன்னரே விபத்து நேர்ந்தது. ஃபைசல்கிராக்ட் என்ற வீதியில் நிலையம் அமைப்பதற்காக ஆழமான பள்ளம் தோண்டப்பட்டு வந்தது. மண்ணையும் நீரையும் தடுப்பதற்காக நிலத்தினுள் வார்க்கப்பட்டிருந்த காங்கிரீட் சுவரில் இருந்த குறையின் வழியாக, 2008ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலும் மீண்டும் செப்டம்பர் மாதத்திலும் நீரும் மணலும் பள்ளத்தினுள் பாய்ந்தன. பைல்களின் முனைகளுக்கு ஆதாரமாயிருந்த மணல் வெளியேறியது. அவ்வீதியிலிருந்த பழமையான நெசவாளர் வீடுகள் இறங்கின. இரண்டாவது நிகழ்ச்சியில் இறக்கம் ஏறத்தாழ 23 செ. மீ. வரை சென்றது. குடியிருந்தோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. வேலையும் நிறுத்தப்பட்டது.

பின்னர் விசாரணைகள் நடைபெற்று, வேலையைத் தொடர்வதென முடிவாயிற்று. குறைபாடுள்ள சுவருக்கு வெளியேயுள்ள மண், குளிரூட்டி உறைய வைக்கப்பட்டது. வீடுகளின் சுவர்களில் பொருத்தப்பட்ட கண்ணாடிக் குறிகளைத் தானியங்கி அளவைக் கருவிகள் இரவும் பகலும் நோக்கிக்கொண்டிருந்தன. 2010 முதல் 2012 வரை சுரங்கம் குடையும் இயந்திரங்கள் அதே மர பைல்களின் அருகே, வீடுகளுக்குப் பெருஞ்சேதம் இன்றிக் கடந்து சென்றன. 2018ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பாதை திறக்கப்பட்டது. பைலின் வகையும் மண்ணின் வகையும் ஒன்றே. ஆனால் முனையின் கீழுள்ள மணல் ஒரு முறை ஓடிவிட்டது, மறுமுறை காக்கப்பட்டது. விளைவு வேறானதற்குக் காரணம் இதுவே.

கொல்கத்தாவில் நேர்ந்தது

கங்கைச் சமவெளியின் வண்டல் மண்ணில் அமைந்த கொல்கத்தாவும் இத்துறையில் பாடம் புகட்டியுள்ளது. அந்நகரத்தின் கிழக்கு-மேற்கு பாதைக்காகப் பௌபஜார் பகுதியின் கீழ் சுரங்கம் குடைந்துகொண்டிருந்த இயந்திரம், 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் நீர் செறிந்த அடுக்கு ஒன்றைத் தாக்கியது. நீரும் மண்ணும் சுரங்கத்தினுள் பெருகின. மேலே குறுகிய சந்துகளில் நெருங்கி நின்ற பழைய வீடுகள் விரிசல் கண்டன. சில இடிந்து விழுந்தன. நூற்றுக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். 2022ஆம் ஆண்டிலும் அப்பகுதி வீடுகளில் மீண்டும் விரிசல்கள் தோன்றின. அப்பகுதியினூடே செல்லும் பாதை 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில்தான் திறக்கப்பட்டது.

அவ்வீடுகள் பைல்களின்மேல் நின்றவையல்ல; ஆழமற்ற அஸ்திவாரம் கொண்ட செங்கல் வீடுகள். எனினும் ஆம்ஸ்டர்டாமுக்கும் கொல்கத்தாவுக்கும் பொதுவான காரணம் ஒன்று உண்டு. இரண்டு இடங்களிலும் நீரே மண்ணைச் சுமந்து சென்றது. முன்னர்க் கூறிய 1 விழுக்காட்டு இழப்பு, நீரின் கசிவு கட்டுக்குள் உள்ள வரை மட்டுமே பொருந்தும். நீர் வழி திறந்துவிட்டால் இழப்புக்கு எல்லை கிடையாது. அப்போது பைல் உள்ள கட்டடமும் பைல் இல்லாத கட்டடமும் ஒருசேர அபாயத்துக்குள்ளாகும்.

காப்பு முறைகள்

அபாயத்தைத் தவிர்க்க எஞ்சினீயர்கள் கையாளும் முறைகளுள் முதன்மையானது, பாதையையே விலக்கி அமைப்பது. ஆரம்ப வரைபடத்தில் சில மீட்டர்கள் விலகுவது எளிது. இயந்திரம் இறங்கிய பின்னர் அது இயலாது. அடுத்தது, இயந்திரத்தைக் கவனமாக இயக்குவது. முகப்பின் அழுத்தத்தைக் குறையாது காத்து, வெளியேறும் மண்ணை எடைபோட்டு, வால்பகுதியின் வெற்றிடத்தை உடனே நிரப்பினால் இழப்பு பெரிதும் குறையும். மண்ணில் சிமெண்டுக் குழம்பைச் செலுத்திக் கெட்டிப்படுத்துவதும், தற்காலிகமாக உறைய வைப்பதும் உண்டு. உறையும் மண் விரிவடைந்து கட்டடத்தை மேல்நோக்கித் தூக்கவும் கூடுமாகையால், பின்னதில் எச்சரிக்கை வேண்டும்.

பைல் சுரங்கத்தின் வழியிலேயே குறுக்கிட்டால், பாரத்தை இடம் மாற்றுவது தவிர வேறு வழியில்லை. சுரங்கத்தின் இருபுறமும் புதிய பைல்களை அமைத்து, அவற்றை வலுவான உத்தரத்தால் இணைத்து, கட்டடத்தின் பாரத்தை அதன்மேல் ஏற்றிய பின்னரே பழைய பைல்களை அறுத்து நீக்குகின்றனர். இவ்வேலைக்குப் பல மாதங்கள் தேவைப்படும்.

களப் பணியாளர் கவனத்துக்கு

இம்முறைகளுள் எதைத் தேர்ந்தெடுப்பதாயினும், பைலின் நீளம் முன்கூட்டியே தெரிந்திருத்தல் வேண்டும். பைல்களைப் பற்றிய இந்தியத் தர விதித்தொகுப்பான ஐ. எஸ். 2911, பைல் அமைக்கும்போதே அதன் விவரங்களைக் குறித்து வைக்குமாறு விதிக்கிறது. ஆனால், பல ஆண்டுகளுக்குப் பின் சுரங்கம் வரும்போது அக்குறிப்பு கிடைக்காமற் போவதுண்டு. வரைபடத்தில் காட்டிய நீளமும், உண்மையில் இறக்கப்பட்ட நீளமும் வேறுபடுதலும் உண்டு. எனவே, பழைய கட்டடத்தின் ஆவணங்களைத் திரட்டும் பணியாளர், வடிவமைப்பு வரைபடத்தோடு நில்லாது, பைல் இறக்கிய நாட்குறிப்பையும் தேட வேண்டும். அது கிடைக்காவிடில், பைலின் அருகே துளையிட்டுக் கருவியால் அதன் நீளத்தை அறியும் முறைகள் உள்ளன.

சுரங்க வேலை தொடங்குமுன் கட்டடத்தின் நிலையைப் பதிவு செய்தல் இன்றியமையாதது. முன்னரே உள்ள விரிசல் எது, புதிதாகத் தோன்றியது எது என்பதைப் பின்னர் வாதத்தால் தீர்க்க இயலாது. விரிசலின் இரு முனைகளிலும் கோடிட்டுத் தேதி எழுத வேண்டும். அளவுகோலை அருகில் வைத்துப் புகைப்படம் எடுத்தல் நலம். விரிசலின் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டைப் பதித்தால், மேலும் அசைவு ஏற்படும்போது அது உடைந்து காட்டும். செங்கற்சுவரில் 1 மி. மீ. வரையுள்ள விரிசல் பெரும்பாலும் பூச்சினால் சரியாவது, 5 மி. மீ. வரை உள்ளது சிறு சேதம். 5 முதல் 15 மி. மீ. வரை நடுத்தரச் சேதம், 25 மி. மீ. கடந்தது மிகக் கடுமையானது. இது பேராசிரியர் பர்லண்டு வகுத்த, உலகெங்கும் வழங்கும் வகைப்பாடாகும். ஆயினும் அகலத்தை மட்டும் நோக்காமல், கதவுகள் இறுகுதல், படிகள் பிரிதல், குழாய்களில் கசிவு ஆகியவற்றையும் சேர்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

இயந்திரம் கடந்து சென்றவுடன் அளவீட்டை நிறுத்திவிடலாகாது. களிமண்ணில் நீர் மெதுவாகவே இடம்பெயர்வதால், இறக்கம் மாதக்கணக்கிலும் சில வேளை ஆண்டுக்கணக்கிலும் தொடரக்கூடும்.

வகுப்பறையில் ஒரு பரிசோதனை

ஆசிரியர்கள் இதை எளிய பொருள்களைக் கொண்டு விளக்கலாம். ஒரு கண்ணாடித் தொட்டியின் அடியில், நீர் நிரப்பிய நீண்ட ரப்பர் பலூனைக் கண்ணாடியை ஒட்டிக் கிடத்தி, அதன் வாயில் ஒரு மெல்லிய குழாயைக் கட்டித் தொட்டிக்கு வெளியே கொண்டுவர வேண்டும். பலூனின்மேல் உலர்ந்த மணலைப் பரப்பி, இடையிடையே வண்ணப் பொடியால் கோடுகள் அமைக்க வேண்டும். பலூனுக்கு நேர் மேலே ஒரு பென்சிலையும், பக்கத்தில் சற்றுத் தள்ளி மற்றொன்றையும் மணலில் ஊன்றி, அவற்றின்மேல் நாணயங்களை வைத்துக் குழாயின் வழியே நீரைச் சிறிது சிறிதாக வெளியேற்றினால், வண்ணக் கோடுகள் மேலே அகன்றும் கீழே குறுகியும் வளைவதைக் காணலாம். இரண்டு பென்சில்களும் எவ்வாறு அசைகின்றன என்பதை மாணவர்கள் அளவுகோலால் அளந்து, மேற்பரப்பின் தாழ்வோடு ஒப்பிட்டு அட்டவணையாக எழுதலாம். பென்சில்களை வெவ்வேறு ஆழங்களில் ஊன்றி இதையே மீண்டும் செய்தால், முனையின் இடத்தைப் பொறுத்து விளைவு மாறுவது புலனாகும்.

இந்திய நகரங்களில் நிலத்தடிப் பாதைகள் இனியும் பெருகும். இன்று கட்டப்படும் ஒவ்வொரு கட்டடத்தின் அருகிலும் என்றேனும் ஒரு சுரங்கம் செல்லக்கூடும். பைல் இறக்கும் நாளில் களத்தில் நிற்கும் பணியாளர் அதன் உண்மையான ஆழத்தைச் சரிவரக் குறித்து, அக்குறிப்பு கட்டடத்தின் ஏனைய ஆவணங்களோடு நிலையாக இருக்குமாறு செய்தல் வேண்டும். பல ஆண்டுகளுக்குப் பின்னர் அக்கட்டடத்தில் வாழ்வோரின் பாதுகாப்பு அவ்வொரு வரியைப் பொறுத்தும் அமையலாம்.